எந்தப் பாடலும் போடலாம், ஆனால் யாருக்காக?

அதிகாலை மணி 3.40. மெல்பர்ன் நகரில் உள்ள ஒரு சமூக வானொலி நிலையத்தில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். கலையகத்தில் தொலைபேசி மணி அடிக்காது. அடித்தால் ஒலிவாங்கியில் விழுந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு சிறிய விளக்கு மினுக்கும். நான் நிகழ்ச்சி படைக்கத் தொடங்கி ஐந்து வாரங்களாக அந்த விளக்கு ஒருமுறைகூட மினுக்கியதில்லை. அன்று மினுக்கியது.

எடுத்தேன். "தம்பி, தமிழோ?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. யாழ்ப்பாணத் தமிழ். ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிறாராம். சமையலறை வானொலியைத் திருகியபோது நாதஸ்வரம் கேட்டு நின்றுவிட்டாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நேயர்! அதுவும் தமிழ் நேயர்!

"நாதஸ்வரம் போட்டனீங்கள், சந்தோசம். ஆனா அது முடிஞ்ச கையோட டமார் எண்டு ஒண்டைப் போட்டீங்களே தம்பி. இஞ்ச ஒரு அம்மா திடுக்கிட்டு எழும்பிட்டா. இப்பதான் கண் அயர்ந்தவ." சற்று நிறுத்திவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "நீங்கள் ஆருக்குப் பாட்டுப் போடுறீங்கள்?"

என்னிடம் பதில் இல்லை. மேற்படிப்புக்காக மலேசியாவிலிருந்து அங்கே போயிருந்த நான், வகுப்பறையில் கற்ற பல விஷயங்களை மறந்துவிட்டேன். அந்தக் கேள்வி மட்டும் மறக்கவில்லை. பாட்டு, பேச்சு, எழுத்து என்று எதையாவது பிறருக்குக் கொடுக்க நினைக்கும் எந்த மாணவருக்கும் அது பயன்படும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சமூக வானொலி என்றால் என்ன?

நம் வீடுகளில் ஒலிக்கும் வானொலிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று அரசாங்கம் நடத்துவது. மற்றொன்று விளம்பர வருமானத்தில் நடக்கும் தனியார் நிலையம். சமூக வானொலி மூன்றாவது வகை. லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு உரிமம் பெற்று நடத்தும். நிகழ்ச்சி படைப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பகலில் ஆசிரியராக, தச்சராக, தாதியாக, மாணவராக இருப்பவர் வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் அறிவிப்பாளர் ஆகிவிடுவார்.

அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1949ஆம் ஆண்டு லூயிஸ் ஹில் என்பவரின் முயற்சியில் கே.பி.எஃப்.ஏ. நிலையம் தொடங்கியது. விளம்பரம் வேண்டாம், கேட்பவர்களே பணம் தந்து நிலையத்தைக் காப்பாற்றட்டும் என்பதே அவருடைய திட்டம். நடக்காத காரியம் என்று தோன்றும். ஆனால் அந்த நிலையம் இன்றும் ஒலிக்கிறது.

ஆஸ்திரேலியாவில் இந்த வகை வானொலி 1970களில் வேரூன்றியது. பிரிஸ்பனில் 4 இசட்.இசட்.இசட். நிலையம் 1975 டிசம்பர் 8ஆம் தேதி குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக வளாகத்திலிருந்து ஒலிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மெல்பர்னில் ஆர்.எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் தொடங்கிய வானொலிதான் பின்னாளில் 3 ஆர்.ஆர்.ஆர். என்று பெயர் பெற்றது. இரண்டுமே மாணவர் சூழலில் பிறந்தவை. இன்று ஆஸ்திரேலியாவில் 450க்கும் மேற்பட்ட சமூக வானொலி நிலையங்கள் உள்ளன. மெல்பர்னில் இளையர்களே நடத்தும் சின் என்ற நிலையம் 2003ஆம் ஆண்டு முதல் 90.7 பண்பலையில் ஒலிக்கிறது. பல மொழிகளில் ஒலிபரப்பும் 3 இசட்.இசட்.இசட். நிலையத்தில் தமிழ் நிகழ்ச்சியும் உண்டு.

தமிழ் மண்ணிலும் இதற்கு இடம் உண்டு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை 2004 பிப்ரவரி 1ஆம் தேதி தொடங்கியது. இந்தியாவில் ஒரு கல்வி வளாகத்திலிருந்து ஒலித்த முதல் சமூக வானொலி அதுதான்.

இந்த நிலையங்கள் பலவற்றில் ஒரு சிறப்பு வழக்கம் இருக்கிறது. வணிக வானொலியில் எந்தப் பாடல் எத்தனை முறை ஒலிக்க வேண்டும் என்பதை நிலையம் முடிவு செய்யும். 3 ஆர்.ஆர்.ஆர். போன்ற நிலையங்களில் அப்படி ஒரு பட்டியலே கிடையாது. நிகழ்ச்சியைப் படைப்பவரே பாடல்களைத் தேர்ந்தெடுக்கிறார். ஒரே நிகழ்ச்சியில் ஜாஸ், ஆப்பிரிக்க மேளம், பழைய திரைப்பாடல், பறவைகளின் ஒலிப்பதிவு என எதுவும் வரலாம். இப்படிப்பட்ட ஒரு கலவை இசை நிகழ்ச்சிதான் எனக்கும் கிடைத்தது.

உள்ளே நுழைவது எப்படி?

"எனக்குப் பாட்டு பிடிக்கும்" என்று சொன்னதும் யாரும் ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துவிடமாட்டார்கள். முதலில் பயிற்சி. நான் போன நிலையத்தில் வாரம் ஒரு மாலை வீதம் சில வாரங்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஒலிக் கலவை மேசையை இயக்குவது, ஒலியளவைக் கண்காணிப்பது, அடுத்த பாடலை நேயருக்குக் கேட்காமல் காதுப்பொறியில் மட்டும் கேட்டுப் பார்ப்பது ஆகியவை ஒரு பக்கம். அவதூறுச் சட்டம், ஒலிபரப்பு விதிகள், காப்புரிமை ஆகியவை மறுபக்கம். இரண்டாவது பக்கம்தான் கடினம். நேரலையில் வாய் தவறி ஒருவரைப் பற்றிச் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது.

விதிகளில் இரண்டு என்னை யோசிக்க வைத்தன. ஆஸ்திரேலியச் சமூக வானொலியில் விளம்பரம் செய்யக்கூடாது. ஆதரவாளர் பெயரைச் சொல்லும் அறிவிப்புகள் மட்டும் செய்யலாம். அதுவும் ஒரு மணி நேரத்தில் 5 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. அடுத்தது, நிலையம் ஒலிபரப்பும் இசையில் குறைந்தது 25 விழுக்காடு ஆஸ்திரேலியக் கலைஞர்களுடையதாக இருக்க வேண்டும். பல்லின மொழி நிலையங்களுக்கும் செவ்விசை நிலையங்களுக்கும் மட்டும் அளவு வேறு. உள்ளூர்க் கலைஞருக்கு இடம் ஒதுக்காத உள்ளூர் வானொலிக்கு என்ன வேலை என்பதே இதன் பொருள்.

புதியவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் யாரும் விரும்பாத நேரம். எனக்குப் புதன்கிழமை அதிகாலை 2 முதல் 4 மணி வரை. வாரந்தோறும் நேரலை.

120 நிமிடம் என்றால் நிறைய நேரம் போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறிவிப்புகளுக்கு 10 நிமிடம். நான் பேசுவது ஆறேழு முறை, மொத்தம் 15 நிமிடம். மீதி 95 நிமிடம். ஒரு பாடலுக்குச் சராசரியாக நாலரை நிமிடம் என்றால் 21 பாடல்கள். அதில் ஆறு ஆஸ்திரேலியப் பாடல்கள். இந்த 21 பாடல்களைத் தேர்ந்தெடுக்க ஆரம்பத்தில் எனக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் பிடித்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஏழு மணி நேர உழைப்பு. தேர்வுக் காலத்திலும் இதே கதைதான். அடுத்த புதன்கிழமை யாருக்காகவும் காத்திருக்காது.

14 வினாடி மௌனம்

முதல் வாரமே சறுக்கினேன். அடுத்த பாடலை ஓடவிட்டேன். ஆனால் அதற்குரிய ஒலி நெம்பை மேலே தள்ள மறந்துவிட்டேன். திரையில் பாடல் ஓடுகிறது, காற்றில் ஒன்றும் இல்லை. வானொலியில் இந்த மௌனத்தைவிடப் பெரிய பாவம் கிடையாது. கேட்பவர் வானொலி கெட்டுவிட்டதோ என்று நினைத்து வேறு நிலையத்துக்குப் போய்விடுவார். எனக்குப் புரிவதற்குள் 14 வினாடிகள் ஓடிவிட்டன. பிறகு பதிவைக் கேட்டபோது அது 14 நிமிடம் போல இருந்தது.

ஆனால் உண்மையான தவறு அதுவல்ல. நெம்பை மறப்பது இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். என் பாடல் தேர்வில்தான் பெரிய கோளாறு இருந்தது. "இவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது பார்" என்று யாராவது வியக்க வேண்டும் என்பதற்காகவே நான் பாடல் போட்டுக்கொண்டிருந்தேன். பல்கேரியப் பெண்களின் கூட்டுப்பாடல், உடனே காதைக் கிழிக்கும் உலோக ராக், அடுத்து வில்லுப்பாட்டு, அதன் பின்னால் மின்னணு இசை. எனக்கு அது சாகசமாகத் தெரிந்தது.

அந்த அக்காவின் அழைப்புக்குப் பிறகு என் பழைய பதிவுகளை எடுத்துக் கேட்டேன். ஒரு வீட்டுக்குள் கூட்டிப்போய், உட்காரச் சொல்வதற்குள் வேறு வீட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடுவது போல இருந்தது. ஒவ்வொரு பாடலும் நல்ல பாடல்தான். ஒரு பாடலிலிருந்து அடுத்த பாடலுக்குப் போக வழிதான் இல்லை.

எதை வேண்டுமானாலும் போடலாம் என்ற சுதந்திரம் எனக்கு இருந்தது. ஆனால் கேட்பவருக்கு இருக்கும் ஒரே சுதந்திரம் வானொலியை அணைப்பது. அந்த முதியோர் இல்லத்து அம்மாவுக்கு அதுவும் இல்லை. அவர் படுக்கையில் இருந்தார்.

பாடலுக்குப் பாடல் பாலம்

அடுத்த வாரத்திற்கான பட்டியலை வேறு விதமாகப் போட்டேன். மீண்டும் நாதஸ்வரத்திலிருந்தே தொடங்க நினைத்தேன். ஆனால் இந்த முறை, இதிலிருந்து அடுத்து எங்கே நடந்து போக முடியும் என்று கேட்டுக்கொண்டேன். தேடத் தேட ஆச்சரியம் காத்திருந்தது.

சார்லி மரியானோ என்று ஓர் அமெரிக்க சாக்சபோன் கலைஞர். பாஸ்டனில் 1923ஆம் ஆண்டு பிறந்தவர். ஜாஸ் மேதை சார்ல்ஸ் மிங்கஸின் புகழ்பெற்ற 1963ஆம் ஆண்டு இசைத்தட்டில் வாசித்தவர். 1960களில் அவர் கோலாலம்பூருக்கு வந்து மலேசிய வானொலியின் இசைக்குழுவோடு பணியாற்றினார். அங்கேதான் நாதஸ்வரம் அவரைப் பிடித்துக்கொண்டது. கற்றுக்கொண்டார். பின்னர் ஐரோப்பாவில் வாழ்ந்தபோதும் தம் ஜாஸ் இசையில் அதை வாசித்தார். கர்நாடகா காலேஜ் ஆஃப் பர்கஷன் குழுவோடும் பாடகி ராமமணியோடும் சேர்ந்து அவர் உருவாக்கிய 'ஜோதி' இசைத்தட்டு 1983இல் வந்தது. நம் ஊரில் ஒலித்த நாதஸ்வரம் ஒரு ஜாஸ் கலைஞரின் வாழ்க்கையை மாற்றிய கதை, நம் ஊரில் பிறந்த எனக்கே அதுவரை தெரியாது.

மறுதிசையிலும் ஒரு பாலம் இருந்தது. கர்நாடக மாநிலத்தைச் சேர்ந்த கத்ரி கோபால்நாத் நாதஸ்வரக் கலைஞரின் மகன். சிறுவயதில் மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்சபோனைக் கேட்டு மயங்கி, அந்த மேற்கத்தியக் கருவியில் கர்நாடக இசையை வாசித்துக் காட்டினார். 1994இல் வந்த கே. பாலசந்தரின் 'டூயட்' படத்தில் ஏ.ஆர். ரகுமானின் இசையில் ஒலிக்கும் சாக்சபோன் அவருடையதுதான். நாதஸ்வரத்தை விரும்பி வந்த சாக்சபோன் கலைஞர் ஒருவர், சாக்சபோனை விரும்பிப் போன நாதஸ்வர வீட்டுப் பிள்ளை ஒருவர். இருவரையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் பேச்சே தேவையில்லை.

ஆஸ்திரேலியப் பங்கையும் வெளியில் தேட வேண்டியிருக்கவில்லை. மெல்பர்னைத் தளமாகக் கொண்ட ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்க்கெஸ்ட்ரா, மிருதங்க மேதை காரைக்குடி மணியோடும் அவருடைய சுருதிலயா குழுவோடும் சேர்ந்து 'இன்டு தி ஃபயர்' என்ற படைப்பை உருவாக்கியிருக்கிறது. ஊதுகருவிகளும் மிருதங்கமும் ஒரே தாளக் கணக்கில் நடக்கும் இசை அது. விதிக்காகப் போட வேண்டிய பாடல் என்று நான் அலுத்துக்கொண்டிருந்த இடத்தில் நிகழ்ச்சியின் மிகச் சிறந்த பகுதி வந்து உட்கார்ந்தது.

அந்த இரவு ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் தொடங்கி, மரியானோ, கோபால்நாத், 'டூயட்', மெல்பர்ன் குழு என்று ஒரு மணி நேரம் நடந்து, பிறகு மெல்ல ஜாஸ் பக்கம் போனோம். நான் பேசியது மொத்தமே எட்டு நிமிடம்.

3.30 மணிக்கு விளக்கு மினுக்கியது. அதே அக்கா. "இண்டைக்கு ஒருத்தரும் எழும்பேல்லை தம்பி," என்றார். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

எதை வைத்து இணைப்பது?

அதன் பிறகு பாலம் கட்டுவதே என் வாராந்தர வீட்டுப்பாடம் ஆனது. சில வழிகள் பழகப் பழகக் கைவந்தன.

வேகத்தால் இணைக்கலாம். ஒரு பாடலின் தாளத்தைக் காலால் தட்டிப் பாருங்கள். அடுத்த பாடலுக்கும் அதே கால் ஏறக்குறைய அதே வேகத்தில் தட்டினால், மொழி மாறினாலும் கேட்பவர் தடுமாறமாட்டார். ஒலியளவும் அப்படித்தான். மெதுவான முடிவுக்குப் பிறகு மெதுவான தொடக்கம் வர வேண்டும். உரத்த பாடலுக்குப் போக வேண்டும் என்றால் படிப்படியாக ஏற வேண்டும். அந்த முதியோர் இல்லத்து அம்மா எனக்குக் கற்பித்தது இது.

கருவியால் இணைக்கலாம். ஆர்மோனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1840களில் பாரிஸில் காப்புரிமை பெற்ற கருவி. கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து பஜனை மடத்திலும் நாடக மேடையிலும் உட்கார்ந்துகொண்டது. நம் பக்கத்தில் ஜோகூரின் மலாய் கசல் இசையில் தபேலாவோடும் கம்பூசோடும் சேர்ந்து ஒலிக்கிறது. ஆனால் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை இந்தக் கருவியைத் தன் ஒலிபரப்பில் தடை செய்து வைத்திருந்தது. நம் இசையின் நுட்பமான கமகங்களுக்கு அது ஒத்துவராது என்பது தடைக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று. ஒரு வானொலி எதைப் போடுகிறது என்பதைப் போலவே எதைப் போடாமல் விடுகிறது என்பதும் வரலாறு ஆகிவிடுகிறது. நாடக மேடைப் பாடல், ஜோகூர் கசல், பிரெஞ்சு அக்கார்டியன் மூன்றையும் வரிசையாக வைத்தால் ஒரு காற்றுப் பெட்டியின் உலகப் பயணம் கிடைத்துவிடும்.

பொருளாலும் இணைக்கலாம். மழை, ரயில், தாலாட்டு, வேலைநிறுத்தம் என்று எந்தப் பொருளுக்கும் எல்லா மொழியிலும் பாட்டு உண்டு. ஆனால் இதில் எச்சரிக்கை தேவை. 'மழை' என்று தலைப்பு வைத்துவிட்டு மழை என்ற சொல் வரும் 21 பாடல்களைப் போட்டால் மூன்றாவது பாடலிலேயே அலுத்துவிடும். பாலத்துக்கு இரண்டு கரை போதும். அதற்கு மேல் போனால் அது பட்டியல்.

பாடலுக்கு நடுவே என்ன பேசுவது?

கலவை இசை நிகழ்ச்சியில் கேட்பவருக்குப் பெரும்பாலான பாடல்கள் புதியவை. அதனால் அறிவிப்பாளரின் பேச்சுக்கு வேலை அதிகம், நேரம் குறைவு. எங்களுக்குப் பயிற்சி தந்தவர் சொன்ன ஒரு வழி எனக்கு இன்றும் உதவுகிறது. "நேயர்களே" என்று ஊருக்குப் பேசாதே. எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துப் பேசு. அந்த அழைப்புக்குப் பிறகு எனக்கு அந்த ஒருவரைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. சமையலறை, சிறிய வானொலி, தேநீர்க் கோப்பை, கால் வலியோடு ஓர் அக்கா.

அவரிடம் பேச மூன்று விஷயம் போதும். இப்போது ஒலித்தது எது, பாடியது அல்லது வாசித்தது யார், அடுத்து வருவதற்கும் இதற்கும் என்ன உறவு. மற்றவை எல்லாம் என் தற்பெருமை. கலைஞரின் பெயரைச் சரியாக உச்சரிப்பதும் முக்கியம். நம் பெயர்களை மற்றவர்கள் கடித்துத் துப்பும்போது நமக்கு எப்படி இருக்கிறது? ஒரு மாலி நாட்டுப் பாடகரின் பெயரையோ ஐஸ்லாந்துக் குழுவின் பெயரையோ நான் அப்படிச் செய்யலாமா? ஒவ்வொரு புதன்கிழமைக்கு முன்பும் பெயர்களை எழுதி, அவர்களுடைய நேர்காணல்களைக் கேட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன்.

தகவலையும் சரிபார்க்க வேண்டும். இணையத்தில் ஒரே பாடலுக்கு மூன்று ஆண்டுகள் போட்டிருப்பார்கள். உறுதியாகத் தெரியாத ஆண்டைச் சொல்லாமல் விட்டுவிடலாம். யாரும் கோபிக்கமாட்டார்கள். தவறாகச் சொன்னால் அதை நம்பி ஒருவர் நாளை இன்னொருவரிடம் சொல்வார்.

கேட்பவரும் கொடுப்பார்

வானொலி ஒருவழிப் பாதை என்று நினைத்திருந்தேன். நல்ல இசை நிகழ்ச்சி இருவழிப் பாதை என்பதற்கு ஓர் உண்மைக் கதை சொல்கிறேன்.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் டபிள்யூ.எஃப்.எம்.யு. என்ற நிலையம் இருக்கிறது. 1958இல் ஒரு கல்லூரியில் தொடங்கியது. அந்தக் கல்லூரியே 1995இல் மூடப்பட்ட பிறகும் நேயர்களின் ஆதரவில் தனியாக நின்றுவிட்டது. எந்த வகை இசையையும் போடும் நிகழ்ச்சிகளுக்குப் பெயர் போனது. அங்கே 1970களிலிருந்து நிகழ்ச்சி படைத்து வந்த இர்வின் சூசிட்டுக்கு, கனடாவில் ஒருவர் பழைய பொருள் கடையில் கண்டெடுத்த இசைத்தட்டு ஒன்று வந்து சேர்ந்தது.

அதில் பாடியவர்கள் பள்ளிப் பிள்ளைகள். பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் லாங்லி வட்டாரத்தில், 1976, 1977ஆம் ஆண்டுகளில் ஹான்ஸ் ஃபெங்கர் என்ற இசை ஆசிரியர் தம் மாணவர்களைப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நிறுத்தி, அந்தக் காலப் பிரபலப் பாடல்களைப் பாடவைத்துப் பதிவு செய்திருந்தார். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கொடுக்க மட்டும் அச்சடித்த இசைத்தட்டு. சுருதி அங்கங்கே விலகும், தாளம் தள்ளாடும். ஆனால் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் பாடியிருந்தார்கள். சூசிட் அதை எடுத்துச் சென்று பல நிறுவனங்களின் கதவைத் தட்டினார். 2001இல் அது வெளியானது. கால் நூற்றாண்டு கழித்து அந்தப் பிள்ளைகளின் குரலை உலகம் கேட்டது. கேட்டவர் ஒருவர் அனுப்பி, படைப்பவர் ஒருவர் அதைக் காதுகொடுத்துக் கேட்டதால் நடந்தது இது.

எனக்கு நடந்தது அவ்வளவு பெரியதல்ல. அந்த அக்கா ஒருநாள், இல்லத்தில் இருக்கும் கிரேக்கத் தாத்தா ஒருவருக்காக ஒரு கிரேக்கப் பாட்டுப் போட முடியுமா என்று கேட்டார். எனக்குக் கிரேக்க இசை பற்றி ஒன்றும் தெரியாது. தேடியபோது புசூக்கி என்ற தந்திக் கருவியும், அகதிகளாகத் துறைமுக நகரங்களுக்கு வந்தவர்களிடையே வளர்ந்த ரெபெட்டிக்கோ பாடல்களும் அறிமுகமாயின. அடுத்த வாரம் மூன்று பாடல்கள் போட்டேன். தாத்தா விழித்திருந்து கேட்டாராம். அவருக்காகத் தேடப்போய் எனக்கு ஒரு புதிய உலகம் கிடைத்தது.

இது எதற்கு, கைப்பேசி இருக்கும்போது?

நியாயமான கேள்வி. இசைச் செயலியைத் திறந்தால் கோடிக்கணக்கான பாடல்கள். அடுத்த பாடலை அதுவே போடும். நான் முன்பு கேட்டவற்றையும், என்னைப் போன்றவர்கள் கேட்டவற்றையும் வைத்துக் கணித்துத் தருகிறது. அது தவறில்லை. நானும் தினமும் பயன்படுத்துகிறேன்.

ஆனால் இரவு வேலை செய்யும் ஓர் ஈழத்து அக்காவுக்கும், தூக்கம் வராத ஒரு கிரேக்கத் தாத்தாவுக்கும், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவனுக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாடலை அது போடாது. மூவருக்கும் மூன்று பட்டியல் கொடுத்து மூன்று அறைகளில் உட்கார வைத்துவிடும். என் பாட்டி காலையில் வானொலியைப் போட்டால் வீட்டில் உள்ள எல்லாரும் அதைக் கேட்டே ஆக வேண்டும். எனக்குப் பிடிக்காத எத்தனையோ பழைய பாடல்கள் அப்படித்தான் எனக்குத் தெரியும். இன்று அவற்றில் பாதி எனக்குப் பிடித்த பாடல்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

இதற்கு மெல்பர்னுக்குப் போகத் தேவையில்லை. நம் நாட்டிலேயே புத்ரா பல்கலைக்கழகம் போன்ற சில உயர்கல்விக் கூடங்களில் வளாக வானொலி இருக்கிறது. அங்கே படிப்பவர்கள் போய்க் கதவைத் தட்டுங்கள். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் ஓய்வு நேரத்தில் பள்ளி ஒலிபெருக்கியில் பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் மறுத்தால், எந்தப் பாடல் ஏன் என்று எழுதிக்கொண்டு மறுபடியும் போங்கள். பிறர் பாடல்களை வலையொலியில் சேர்த்து இணையத்தில் ஏற்றுவது மட்டும் வேண்டாம். வானொலி நிலையங்கள் பாடலுக்குரிய காப்புரிமைத் தொகையைச் செலுத்துகின்றன. நாம் செலுத்துவதில்லை.

அதற்கு முன்னால் ஒரு சிறிய பயிற்சி. 30 நிமிடம், ஆறு பாடல்கள். ஒரே ஒரு நேயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவாக இருக்கலாம், தாத்தாவாக இருக்கலாம், பாட்டே கேட்காத நண்பனாக இருக்கலாம். முதல் பாடல் அவருக்கு நன்றாகத் தெரிந்ததாக இருக்கட்டும். ஆறாவது பாடல், அவர் தானாக ஒருபோதும் தேடிப் போகமாட்டார் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த பாடலாக இருக்கட்டும். நடுவில் இருக்கும் நான்கும்தான் உங்கள் வேலை. அந்த நான்கின் வழியாக அவரை முதல் பாடலிலிருந்து ஆறாவது பாடலுக்கு நடத்திக்கொண்டு போக வேண்டும்.

பிறகு அவரோடு உட்கார்ந்து அதைக் கேளுங்கள். உங்கள் கண் பாடலில் இருக்க வேண்டாம், அவர் முகத்தில் இருக்கட்டும். அவர் எந்த இடத்தில் கைப்பேசியை எடுக்கிறாரோ அந்த இடத்தில் உங்கள் பாலத்தில் ஒரு பலகை இல்லை. அதை மாற்றிவிட்டு அடுத்த வாரம் மறுபடியும் செய்யுங்கள்.

ஆறாவது பாடல் முடியும்போது "இது யார் பாடியது?" என்று அவர் கேட்டால், உங்களுக்கு ஒரு நேயர் கிடைத்துவிட்டார்.